நான்காம் பலகை நிலுவையில் இருக்கிறது

நகரி நெசவாளர் சதுரங்கக் கழகத்தில் உறுப்பினர்கள் நாலு பேர். ஐந்தாவது ஆளைச் சேர்ப்பதில்லை. இருந்தது ஒரே பலகை. இரண்டு பேர் ஆடுவார்கள், மற்ற இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து தப்பாக யோசனை சொல்வார்கள். அதற்கு நாலு பேர் போதும்.

எங்கள் பக்கத்தில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள் பகலில், கூட்டுறவுச் சங்கத்தின் நூல் கிடங்கில் ஒரு மூலை கழகத்துக்குக் கிடைக்கும். அதுவும் சும்மா இல்லை. சதுரங்க சம்மேளனத்தின் அங்கீகாரச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறவரைதான் மூலை. சான்றிதழ் இறங்கினால் அந்த இடத்தில் நூலுக்குப் போடும் கஞ்சித் தொட்டி வைத்துவிடுவேன் என்று சங்கத் தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

செங்கல்வராயன், பழனி, சம்பத் மூவரும் நகரிக்காரர்கள். நாலாவது ஆளான கோவர்த்தனன் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சைக்கிளில் வருவார். மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளை இல்லை. தறியோடுதான் அவருக்குக் குடித்தனம். மாதம் முழுக்க அவர் பேசுகிற பேச்சு அமாவாசை அன்று பேசுவதில் பாதிகூட இருக்காது. ஆட்டத்தில் அவர்தான் முதல் பலகை. செங்கல்வராயன் நாலாம் பலகை. அதாவது நாலு பேரில் மட்டமான ஆள். இது அவருக்கும் தெரியும், அவர் மனைவி கிருஷ்ணம்மாவுக்கும் தெரியும்.

1956-ம் வருஷம் சம்மேளனம் தன் அகில இந்தியக் கழகக் குழுப் போட்டியைத் திருப்பதியில் நடத்தியது. ஏன் திருப்பதி என்று கேட்டால், நடத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு மலைக்கு வேண்டுதல் இருந்தது. எட்டுக் கழகம் வேண்டிய இடத்தில் ஏழுதான் வந்தது. எட்டாவதாக நகரியைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள், ஏனென்றால் கடைசிச் சுற்றில் நகரியும் வடக்கிலிருந்து வந்த ராயல் கிளப்பும் சமமாக முன்னால் நின்றன.

சத்திரத்துக் கூடத்தில் கடைசிச் சுற்று. கோவர்த்தனன் ஜெயித்தார். பழனி டிரா. சம்பத் தோற்றார். ஒன்றரைக்கு ஒன்றரை. மிச்சம் நாலாம் பலகை. மாலை ஐந்து மணிக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். நகர்த்த வேண்டியவர் செங்கல்வராயன். சம்மேளனத்தின் குமாஸ்தா பாலையா ஒரு சீட்டும் உறையும் கொண்டுவந்து விதியைச் சொன்னார்.

"அடுத்த நகர்வை இதுல எழுதி ஒட்டிக் கொடுங்க. காலையில பிரிப்போம். சீட்டு வெறுமையா இருந்தா தோல்வி. புரியாத மாதிரி எழுதியிருந்தாலும் தோல்வி. யார்கிட்டயாவது வெளியே சொன்னாலும் தோல்வி. உறை பிரியற வரைக்கும் அந்த ஆட்டத்தைப் பலகையில அடுக்கிப் பாக்கவும் கூடாது."

செங்கல்வராயன் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். அரக்கு வைத்தார்கள். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தால் இல்லை. எழுதிய நகர்வு ஜெயிக்கிற நகர்வு என்று அவருக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலாம் பலகை ஊரைக் காப்பாற்றப் போகிறது.

காலையில் கூடத்துக்குப் போனால் பலகை இல்லை. மேடை இருந்தது. மேடையில் ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர் சுப்பராம நாயுடு மாலையோடு நின்றுகொண்டிருந்தார். இரவோடு இரவாக சம்மேளனம் ஆட்டமுறைச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து, அவரைத் தலைவராக்கியிருந்தது. அவர் பேசினார்.

"எனக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆடத் தெரிந்தவனுக்கு ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு காய் பிடிக்கும். எனக்கு முப்பத்திரண்டு காயும் சமம். யானை எப்படிப் போகும் என்று நேற்று ஒரு நண்பர் சொல்ல வந்தார். காதைப் பொத்திக்கொண்டேன். நேற்று என்ன நடந்தது? ஒன்றரைக்கு ஒன்றரை. ஒரு தேசிய நிறுவனத்தில் அரை என்பது எப்படி வரலாம்? நாலு பலகையில் ஆடினால் அரை வரும், சமம் வரும், சங்கடம் வரும். எத்தனை பலகை, எத்தனை பேர், எந்த நாள், எந்த மேசை என்பதை எல்லாம் முடிவு செய்த பிறகே எந்த ஆட்டமும் தொடரும். அதுவரை அந்த உறை சித்தூரில் என் பொறுப்பில் இருக்கும்."

கைதட்டினார்கள். செங்கல்வராயனும் தட்டினார். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. எல்லோரும் தட்டினார்கள், அவ்வளவுதான்.

"எத்தினி நாளாவும்ங்க?" என்று பாலையாவிடம் கேட்டார்.

"குழுவுக்குக் கெடு மூணு மாசம்" என்றார் பாலையா. அப்படிச் சொன்னபோது அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அந்த மூணு மாதம் நாலு வருஷம் ஆயிற்று.

முதல் வருஷம் குழு சுற்றுப்பயணம் போனது. பதினாலு ஊர்களில் மேசைகளின் உயரத்தை அளந்தார்கள். காளஹஸ்தியில் துணியில் சாயம் தீட்டிய சதுரங்கப் பலகை ஒன்றைப் பார்த்தார்கள். துணியை மடித்தால் கட்டங்கள் குறைகின்றன என்று கண்டுபிடித்து, அதைத் தனி அத்தியாயமாக எழுதினார்கள். பிறகு சாட்சி விசாரணை ஆரம்பித்தது. நிலுவையில் உள்ள ஆட்டக்காரர் என்ற முறையில் செங்கல்வராயனைச் சித்தூருக்கு வரச் சொல்லி சம்மன் வந்தது. ஒரு நாள் நெசவை விட்டு பஸ் ஏறினார்.

பழைய பங்களா ஒன்றில் நீளமான மேசை. மேசைக்குப் பின்னால் ஒன்பது பேர். அவர்களுக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி. உறை அதற்குள் இருந்தது. செங்கல்வராயன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு குழுவுக்கு எத்தனை பலகை இருக்கலாம் என்பது உங்கள் அபிப்பிராயம்?" என்று கேட்டார் நாயுடு.

"எங்களாண்ட ஒண்ணுதாங்க கீது."

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாயுடு குறிப்பு சொன்னார்: "நகரிக் கழகம் ஒரே பலகை முறையை வற்புறுத்துகிறது. இது மிகவும் தீவிரமான யோசனை. ஆராய ஓர் உபகுழு."

"வற்புறுத்தலீங்க. இருக்கறது ஒண்ணுன்னேன்."

"அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சி பின்வாங்குகிறார்."

இரண்டாவது சம்மனில் அமாவாசைப் பேச்சு வந்தது. கழகம் ஏன் அமாவாசையில் மட்டும் ஆடுகிறது என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் தறி ஓடாது என்றார் செங்கல்வராயன். நாயுடு சிரித்தார். இதைவிட ஆழமான காரணம் இருக்க வேண்டும் என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது.

"எழுதுங்கள். நிலவு இல்லாத நாளில் பழகுவதால், கறுப்புக் கட்டங்களில் இந்தக் கழகத்துக்கு நியாயமற்ற தேர்ச்சி ஏற்படுகிறது."

"பகல்ல ஆடறோம்ங்க."

"பகல் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தனிப் பக்கத்தில்."

இது இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அமாவாசைதான் எல்லாவற்றையும் கட்டிப்போட்டது. ஆட்டம் தொடர வேண்டுமானால் கழகத்தின் நாலு பேரும் ஆஜராக வேண்டும் என்பது விதி. போட்டிக்காகத் தறியை நிறுத்தி ஒரு தடவை நஷ்டப்பட்டது போதும், இனி நாலு தறியும் ஒன்றாக நிற்பது அமாவாசைக்கு மட்டும். நாயுடுவோ அமாவாசை அன்று வெற்றிலைகூட வாங்க மாட்டார்.

"எங்க வழக்கத்துல அமாவாசைக்கு ஒரு நல்ல காரியம் தொட மாட்டோம் நாயனா" என்றார், அன்றைக்கு மட்டும் குழுத் தலைவர் குரலை விட்டுவிட்டு.

"எங்களுக்கு அதாங்க நல்ல நாளு" என்றார் செங்கல்வராயன்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. எங்கள் ஜில்லாவில் ஒரே தெருவில் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற தெலுங்குக்காரருக்கும் தமிழருக்கும் இந்த ஒரு நாளில்தான் ஒத்துவராது. உலகத்தில் வேறெங்கும் இதனால் ஒரு சதுரங்க ஆட்டம் நின்றிருக்காது.

வீட்டில் வேறு தொல்லை. கிருஷ்ணம்மா முதல் மாதம் கேட்டுப் பார்த்தாள். இரண்டாம் மாதம் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னாதான் எய்தின? என்னாண்டகூட சொல்லக் கூடாதா?"

"வெளிய சொன்னா தோத்துப்பூடுவோம்."

"நான் வெளியவா கீறேன்? வூட்டுக்குள்ள தானே குந்திக்கினு கீறேன்."

இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் மறைத்த ஒரே விஷயம் அது. அவளுக்கு அது உறுத்தியது. நாலு வார்த்தை எழுதிய சீட்டைவிடத் தான் குறைந்து போனேனா என்று ஒரு நாள் நேராகவே கேட்டாள். அவர் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தறியில் உட்கார்ந்ததும் ஆட்டம் ஆரம்பமாகிவிடும். பலகையில் அடுக்கத்தானே தடை, மனசில் அடுக்க யார் தடுப்பது? கை ஊடுநூல் நாடாவை ஓட்டும், கால் மிதிக்கும், மனசுக்குள் அவர் நகர்வு விழும். எதிராளி பதறி ராஜாவை நகர்த்துவார். அவர் துரத்துவார். பத்து அங்குலம் நெய்வதற்குள் ஜெயித்துவிடுவார். நாலு வருஷத்தில் எத்தனை தடவை ஜெயித்தார் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்றாவது சம்மன் 1959 கடைசியில் வந்தது. அப்போது இரண்டு ராஜ்யத்து எல்லையில் ஊர்களைப் பிரிக்கிற பேச்சுதான் எங்கும். கிராமத்தை அலகாக வைத்து, ஊருக்கு ஊர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, எந்த மொழிக்காரர் அதிகம் என்று எண்ணிப் பிரித்தார்கள். நாயுடுவுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"சதுரங்கத்தில் இத்தனை காலமும் சண்டை ஏன்?" என்றார். "எல்லை நிர்ணயம் ஆகவில்லை. எந்தக் கட்டம் யாருடையது என்று பட்டா இல்லை. ஆகவே கட்டத்தை அலகாகக் கொண்டு நிலுவை ஆட்டத்தின் குடிக்கணக்கு எடுத்தோம். அறுபத்து நாலு கட்டத்தில் ஐம்பத்தொரு கட்டத்தில் குடியே இல்லை. அவை புறம்போக்கு என்று அறிவிக்கிறோம். இப்போது சாட்சிக்கு ஒரு கேள்வி. உங்கள் யானை இருக்கிறதே, அது எந்தப் பக்கம் போனாலும் புறம்போக்கு வழியாகத்தானே போக வேண்டும்?"

செங்கல்வராயனுக்கு வியர்த்தது. அவர் சீட்டில் எழுதியது யானை நகர்வு. ஆமாம் என்றால் யானை என்று ஒப்புக்கொண்டது போல ஆகும். இல்லை என்றால் யானை இல்லை என்று சொன்னது போல ஆகும். எதைச் சொன்னாலும் ரகசியம் வெளியே போயிற்று, ஆட்டம் போயிற்று. இந்த ஆள் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? ஒன்பது பேரும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் உதட்டை அழுத்திக்கொண்டு இரும்புப் பெட்டியைப் பார்த்தார்.

"எழுதுங்கள்" என்றார் நாயுடு கடைசியில். "ஆக்கிரமிப்பைச் சாட்சி மறுக்கவில்லை."

செங்கல்வராயன் வெளியே வந்தார். பங்களா வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

1960 ஏப்ரல் ஒன்றாம் தேதி சத்தியவேடு பக்கம் இங்கே எங்கள் ராஜ்யத்துக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. கோவர்த்தனன் தறியைவிட்டு எழுந்திருக்காமலே வேறு ராஜ்யத்துக்காரர் ஆனார். அதில் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை, சைக்கிளுக்கு எல்லை தெரியாது. அடுத்த மாதம் சம்மேளனத்தின் அறிக்கை வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதைச் சுமந்துகொண்டு பாலையாவே நகரிக்கு வந்தார். நல்ல வேளையாக அன்று அமாவாசை, கிடங்கில் நாலு பேரும் இருந்தார்கள்.

"முக்கியமானதை மட்டும் சொல்றேன்" என்றார் பாலையா. "பலகை எத்தனைங்கறது முடிவாகலை. பழையபடி நாலுதான். ஆனா ஒரு கழகத்து ஆளுங்க எல்லாம் ஒரே ராஜ்யத்துல வசிக்கணும். அனுமதி இல்லாம வேற ராஜ்யத்து ஆளோட நட்பு ஆட்டம் ஆடினாக்கூட ஆயுள் தடை. கழகத்துக்கு அங்கீகாரமும் ரத்து."

நாலு பேரும் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேர் கோவர்த்தனனைப் பார்த்தார்கள். கோவர்த்தனன் கையிலிருந்த சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலக்கு எதும் இல்லீங்களா?" என்று கேட்டார் பழனி.

"இருக்கு. ஒரு தடவை சாம்பியன் ஆன கழகத்துக்கு இந்த விதி இல்லை. செங்கல்வராயன் அந்த ஆட்டத்துல ஜெயிச்சா நீங்க நாலு பேரும் சாகற வரைக்கும் ஒண்ணா ஆடலாம். டிரா ஆனாலோ தோத்தாலோ கோவர்த்தனன் அந்தப் பக்கம்தான்."

"முடியாமலே கெடந்தா?" என்றார் சம்பத்.

"முடியாத வரைக்கும் ஐம்பத்தாறாம் வருஷ ஆட்டக்காரர் பட்டியலை யாரும் தொட முடியாது. ஆனா இப்ப முடிஞ்சிடும். தேதி குறிச்சாச்சு. ஆனி அமாவாசை, திருப்பதி. பஞ்சாங்கப்படி அன்னிக்குக் காலையில பதினொண்ணு இருபதுக்கே அமாவாசை போயிடுது. பதினொண்ணு இருபத்தொண்ணுக்கு ஆரம்பிச்சா தலைவருக்கும் ஆட்சேபணை இல்லை."

இந்த யோசனை நாலு வருஷமாக ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று பழனி கேட்டார். ஒருவருக்கும் தோன்றக் கூடாது என்றுதான் அதற்கு ஓர் உபகுழு போட்டிருந்தார்கள் என்றார் பாலையா. அவர் அதை அலுத்துப் போய்த்தான் சொன்னார்.

அன்று கோவர்த்தனன் கிளம்பும்போது செங்கல்வராயன் சைக்கிள்வரை கூடவே போனார்.

"கவலப்படாத அண்ணா. நான் எய்தினது ஜெயிக்கற நகத்தல்."

"சொல்லாத" என்றார் கோவர்த்தனன். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "அமாவாசை இல்லைன்னா நான் யாராண்ட பேசுவேன் செங்கலு?"

ஆனி அமாவாசைக்கு நாலு பேரும் ரயிலேறித் திருப்பதிக்குப் போனார்கள். அதே சத்திரம், அதே கூடம். நாலு வருஷத்துக்கு முன்னால் பாலையா எழுதி வைத்த குறிப்பின்படி பலகையில் காய்களை அடுக்கியிருந்தார்கள். செங்கல்வராயன் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நாயுடு எழுந்தார்.

"ராயல் கிளப் இப்போது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே கலைந்துவிட்டது. ஆனால் நம் புதிய முறையில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ஒட்டியுள்ள ராஜ்யத்துக்கு அந்த இடம் சேரும். ஆகவே ராயல் கிளப்பின் நிலை சென்னை ராஜ்யத்துக்குச் சேர்கிறது. அந்த ராஜ்யத்து ஆட்டக்காரர்களில் இந்தக் கூடத்துக்கு மிக அருகில் வசிப்பவர் ஆட வேண்டும். அளந்து பார்த்தோம். ஸ்ரீ கோவர்த்தனன்."

செங்கல்வராயன் எழுந்து நின்றார்.

"அவரு எங்க ஆளாச்சேங்க."

"பட்டியல்படி உங்கள் ஆள். வசிப்பிடப்படி அவர்கள் ஆள். இரண்டும் சட்டப்படி சரி. சரியாக உள்ள இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட முடியாது."

"நான் ஆட மாட்டேங்க" என்றார் கோவர்த்தனன்.

"மறுத்தால் நாலு பேருக்கும் ஆயுள் தடை. வேண்டுமென்று தோற்றாலும் ஆயுள் தடை. அதைக் கண்காணிக்கச் சென்னை ராஜ்யத்திலிருந்து ஸ்ரீ முனியப்பன் வந்திருக்கிறார். குழுவில் யாருக்கும் ஆடத் தெரியாது என்பதால், தெரிந்த ஒருவரை இரவல் வாங்கியிருக்கிறோம்."

முனியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோவர்த்தனனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கோவர்த்தனன் உட்கார்ந்தார். வேறு வழியில்லை.

பதினொன்று இருபத்தொன்று. நாயுடுவும் முனியப்பனும் ராஜ்யத்துக்கு ஒன்றாக ஆளுக்கொரு சாவி போட்டு, சித்தூரிலிருந்து வந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். பாலையா அரக்கை உடைத்து, சீட்டை விரித்து உரக்கப் படித்தார்: "யானை, ஏழாவது வரிசைக்கு."

யானையை நகர்த்தி வைத்தார். செங்கல்வராயனுக்கு நெஞ்சு லேசாயிற்று. நாலு வருஷமாகச் சுமந்தது வெளியே வந்துவிட்டது. இனி கோவர்த்தனன் ராஜாவை நகர்த்துவார், தான் துரத்த வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் நியாயமாக ஆடினாலும் தோற்றுத்தான் ஆக வேண்டும், ஒருவர்மேலும் குற்றம் இல்லை.

கோவர்த்தனன் பலகையைப் பார்த்தார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. பிறகு அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

செங்கல்வராயனுக்கு அது தெரிந்த பார்வை. பத்து வருஷமாக அவரோடு ஆடுகிறவர் அல்லவா. கோவர்த்தனன் எதையாவது கண்டுபிடித்துவிட்டால் எதிராளிக்குத் தெரியக் கூடாது என்று ஜன்னல் பக்கம் பார்ப்பார். கிடங்கில் அவர் ஜன்னலைப் பார்த்தால் ஆட்டம் முடிந்தது என்று சம்பத் அப்போதே காய்களை எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன் எங்கே பார்த்துவிட்டுத் திரும்பினார்? செங்கல்வராயன் பலகை முழுக்கத் தேடினார். ஓரத்தில் கறுப்புக் குதிரை ஒன்று நின்றது. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தக் குதிரையை நினைத்ததில்லை. மனசில் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் எதிராளி பதறி ராஜாவைத்தான் நகர்த்தினார். குதிரை ஒரு தாவு தாவினால் வெள்ளை ராஜாவுக்கும் செக், யானைக்கும் அடி. ராஜா விலக வேண்டும், யானை போய்விடும். யானை போனால் ஆட்டம் போயிற்று.

நாலு வருஷம் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் கட்டிக் காத்தது தோற்கிற நகர்வு. அவர் தலை நிமிர்ந்தபோது கோவர்த்தனன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டாயா என்று அந்தக் கண் கேட்டது. உடனே பலகைக்குத் திரும்பியது.

முனியப்பனும் குதிரையைப் பார்த்துவிட்டார். லேசாக இருமினார். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, குதிரை இருந்த பக்கமாக இருமினார். கோவர்த்தனன் அசையவில்லை. குதிரையை நகர்த்தினால் செங்கல்வராயன் தோற்பார், அமாவாசை போய்விடும். வேறு எதை நகர்த்தினாலும் பின்னால் நிற்கிறவருக்குத் தெரிந்துவிடும், நாலு பேருக்கும் ஆயுள் தடை. கையை இரண்டு தொடைக்கும் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மணி ஒன்று, இரண்டு, மூன்று.

"ஏன் நகர்த்தவில்லை?" என்றார் நாயுடு. மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தார்.

"யோசிக்கிறேங்க."

"எத்தனை நேரம் யோசிக்கலாம்?" என்று பாலையாவைக் கேட்டார்.

பாலையா அறிக்கையைப் புரட்டினார். "நேர வரம்பு ஒன்பதாம் பிரிவுங்க. அது இன்னும் உபகுழுவில இருக்கு. வரம்பு இல்லை."

நாயுடு தலையை ஆட்டினார். தன் குழு எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது என்று அவருக்குத் திருப்தி. முனியப்பனோ துடித்தார். ஒரு தடவை குனிந்து கோவர்த்தனன் காதருகே வாயைக் கொண்டுபோனார். பாலையா தொண்டையைக் கனைத்ததும் நிமிர்ந்தார். செங்கல்வராயன் தன் யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா, குதிரையை நகர்த்திவிடு, இந்த வேதனை வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அதுவும் குற்றம்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. நாயுடு எழுந்தார்.

"நேரமாயிற்று. ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. நகர்த்த வேண்டியவர் நகர்வை எழுதி உறையில் ஒட்டட்டும்."

பாலையா சீட்டும் உறையும் பேனாவும் கொடுத்தார். கோவர்த்தனன் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பேனா அசைந்தது தெரிந்தது. மடித்து உறையில் போட்டு ஒட்டினார். முனியப்பன் முகம் மலர்ந்தது. குதிரை உறைக்குள் போய்விட்டது என்று அவருக்கு நிச்சயம். அரக்கு வைத்தார்கள். இரண்டு சாவி போட்டுப் பெட்டியைப் பூட்டினார்கள்.

"அடுத்த அமர்வு எப்போதுங்க?" என்று கேட்டார் பழனி.

"நாள் பார்க்க உபகுழு அமைக்க வேண்டும்" என்றார் நாயுடு. "அதுவரை பட்டியல் பழையபடி."

பஸ்ஸில் நாலு பேரும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். வடமாலப்பேட்டை தாண்டியது. பிறகு செங்கல்வராயன்தான் கேட்டார்.

"குதிரைய எய்தினியா அண்ணா?"

"ஒண்ணும் எய்தல."

"பேனா ஆடிச்சே."

"மூடி போட்டுக்கினே ஆட்டினேன். வெறுஞ்சீட்டு."

"யோவ், இப்பிடி சொல்றியே" என்று சம்பத் பதறினார். "வெளிய சொன்னா தோல்வின்னு விதி கீது."

"வெறுஞ்சீட்டுக்கும் அதே விதிதானே" என்றார் கோவர்த்தனன். "என்னிக்காவது பிரிச்சாங்கன்னா நான் தோத்தேன், நம்ம கழகம் ஜெயிச்சிச்சி. பகலெல்லாம் யோசிச்சும் ஒண்ணும் தோணலன்னுடுவேன், அது வேணும்னு தோத்ததா ஆவாது. பிரிக்கலன்னா பட்டியல் அப்பிடியே இருக்கும். அவங்க பிரிக்க மாட்டாங்க."

பழனிக்குச் சிரிப்பு வந்தது. சம்பத்துக்கும் வந்தது. செங்கல்வராயனுக்கு வரவில்லை.

"தப்பா எய்திட்டேன் அண்ணா" என்றார். "நாலு வருசமா."

"ஆமா. தப்புதான்" என்றார் கோவர்த்தனன். அவர் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. பிறகு, "அமாவாசைக்கு வரேன், காட்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செங்கல்வராயன் கிருஷ்ணம்மாவை உட்காரவைத்துச் சொன்னார்: "யானை, ஏழாவது வரிசைக்கு. அதான் எய்தினேன்." அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்று அவருக்கு இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

அடுத்த அமாவாசை கோவர்த்தனன் சென்னை ராஜ்யத்திலிருந்து சைக்கிளில் வந்தார். சுவரில் சான்றிதழ் இருந்தது, மூலையில் கஞ்சித் தொட்டி வரவில்லை. பலகையை விரித்து அந்த ஆட்டத்தை அப்படியே அடுக்கினார்கள். உறை பிரிகிறவரை அடுக்கக் கூடாதுதான், ஆனால் இப்போது உறை கோவர்த்தனனுடையது, விதியால் தோற்றாலும் தோற்பது அவர்தான். யானை ஏழாவது வரிசையில் நின்றது. கோவர்த்தனன் குதிரையைத் தூக்கி வைத்து, "செக்" என்றார். ஒன்பதாவது நகர்வில் செங்கல்வராயன் தோற்றார். சந்தோஷமாக இருந்தது. இன்னொரு ஆட்டம் என்று காய்களை அடுக்க ஆரம்பித்தார்.